சதுர அடியில் பெரிய மனிதர்கள்

எங்கள் வீட்டுக் குளியலறைக்கு மூன்று பக்கம் செங்கல் சுவர். நான்காவது பக்கம் ஒரு பெரிய மனிதர்.

ஆறடிக்கு எட்டடி ஃப்ளெக்ஸ் பேனர் அது. கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருப்பார். அதைக் கம்ப்யூட்டரில் வடிவமைத்தவன் நான். விழா முடிந்ததும் சவுக்குக் கம்பிலிருந்து அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தவனும் நான்தான். அம்மா முதல் நாளே படம் வெளிப்பக்கம் இருக்கும்படி திருப்பிக் கட்டிவிட்டாள்.

"இந்தாளு பாத்துக்கிட்டு நிக்க நான் குளிக்கறதா?"

அன்றிலிருந்து அவர் தெருவைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். இடையில் இரண்டு கட்சி மாறிவிட்டார் என்று கேள்வி. எங்கள் வீட்டில் மட்டும் கொள்கை மாறாமல் அதே இடத்தில் இருக்கிறார்.

"மேல என்னடா எழுதிருக்கு?" என்று அம்மா ஒருநாள் கேட்டாள். அவளுக்கு எழுத்து தெரியாது.

"வாழும் வரலாறேன்னு."

"வரலாறுன்னா?"

"முன்னாடி நடந்து முடிஞ்சது."

"அப்ப முடிஞ்சு போனவருங்கறே" என்றாள்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மா ஸ்ரீரங்கத்தில் ஒரு மெஸ்ஸில் மாவரைத்துப் பாத்திரம் துலக்குகிறாள். நான் தமிழ் இலக்கியத்தில் பட்டம் வாங்கினேன். வாங்கியதை வைத்து என்ன செய்வது என்று தெரியாமல் ஓராண்டு திரிந்துவிட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் மற்றவர்களுக்குப் பட்டம் கொடுக்கும் வேலையில் சேர்ந்தேன். கடை முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். நேர்முகத் தேர்வில் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"ஒருத்தரப் பத்தி ஒண்ணுமே தெரியாம பத்து வரி புகழ்ந்து எழுத வருமா தம்பி?"

"மூணு வருசம் படிச்சதே அதத்தான் பாய்" என்றேன். வேலை கிடைத்துவிட்டது.

பெரிய மனிதர்கள் நாட்டுக்கு என்ன செய்கிறார்கள் என்று சிலர் ஏளனமாகக் கேட்கிறார்கள். எங்கள் கடையில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தால் அப்படிக் கேட்க மாட்டார்கள். ஒருவருக்குப் பிறந்தநாள் வந்தால் அச்சடிக்கிற எங்களுக்கு வேலை. கம்பு வாடகைக்கு விடுகிறவருக்கு வேலை. குழி தோண்டுகிறவர், லோடு ஆட்டோக்காரர், மாலை கட்டுகிறவர், பெரிய கடை வீதியில் பொன்னாடை விற்கிறவர், பிரியாணி மாஸ்டர், வெடி போடுகிறவர் எல்லோருக்கும் வேலை. ஒரு தொழிற்சாலை திறந்தால்கூட இத்தனை பேர் பிழைக்க மாட்டார்கள். அதனால்தான் தொழிற்சாலை திறப்பதைவிடப் பிறந்தநாள் கொண்டாடுவதைப் பெரியவர்கள் பொறுப்பாகச் செய்கிறார்கள் என்று நினைக்கிறேன். மேலும் மகத்துவம் என்பது ஏதோ கண்ணுக்குத் தெரியாத குணம் என்று புத்தகங்களில் படித்திருந்தேன். கடையில் அது சதுர அடிக் கணக்கில் விற்றது. பளபளப்பான 'ஸ்டார் ஃப்ளெக்ஸ்' துணி என்றால் கொஞ்சம் கூடுதல்.

'பட்டங்கள்' என்று கம்ப்யூட்டரில் ஒரு கோப்பு வைத்திருந்தேன். விடிவெள்ளி, வள்ளல், ஏழைகளின் ஏணி, களம் கண்ட வேங்கை என்று அகர வரிசையில் இருக்கும். ஒரே வார்டில் இரண்டு பேர் வேங்கையாகிவிடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. பேனரின் கீழே ஓரத்தில் 'அனுமதி எண்' என்று ஒரு வரி விடுவோம். அதற்கு எதிரே எந்த எண்ணும் வராது. அந்த வரி மட்டும் அடக்கமாக இருக்கும்.

இந்தத் தொழிலில் எழுத்துப் பிழைக்கு மன்னிப்பு உண்டு. தலைப் பிழைக்குக் கிடையாது. யார் தலை யார் தலையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கு எழுதாத சட்டம் இருக்கிறது. மாநிலத் தலைவர் மேலே. மாவட்டச் செயலாளர் நடுவில், எல்லாரையும்விடப் பெரிதாக. வட்டச் செயலாளர் அவருக்குப் பக்கத்தில், அவர் தலையைத் தாண்டாமல். காசு போட்ட இளைஞர்கள் அடிவரிசையில் தபால்தலை அளவில், கறுப்புக் கண்ணாடியுடன். எங்கள் பக்கம் இவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமே இல்லை. 'மாவட்டம் வந்துட்டாரு', 'வட்டம் சாப்பிடறாரு' என்றுதான் பேச்சு. மனிதர்கள் நிலப்பரப்பாக ஆகிவிடும் அளவுக்கு வளர்ந்திருக்கிறோம்.

இனி தண்ணீர்க் கதைக்கு வருகிறேன். எடமலைப்பட்டி புதூரில் எங்கள் தெருவுக்குக் காவிரித் தண்ணீர் கிடையாது. லாரி வரும். காலை ஐந்து மணிக்கும் ஏழரைக்கும் நடுவில் அதற்கு எப்போது மனம் இறங்குகிறதோ அப்போது வரும். தலைக்கு நாலு குடம். வரிசையில் ஆள் நின்றால்தான் குடம் கணக்கில் சேரும்; அப்பா விடியுமுன்பே மார்க்கெட்டுக்குப் போய்விடுவதால் நானும் அம்மாவும் இருவருமே நிற்க வேண்டும். எட்டு குடத்தையும் நான் தூக்குகிறேன் என்றால் அம்மா கேட்க மாட்டாள். இடுப்பு எலும்பு தேய்ந்திருக்கிறது, எடை தூக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லி ஒரு வருடம் ஆகிறது. அவள் அதற்குப் பிறகு எவர்சில்வர் குடத்தை விட்டுப் பிளாஸ்டிக் குடத்துக்கு மாறினாள். டாக்டர் பேச்சைக் கேட்டதாக அவள் கணக்கு.

குடம் வீடு சேர்ந்த பிறகு பஸ் பிடித்து, காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் போவாள். மாலையில் அதே பாலத்தில் திரும்பி வருவாள். ஒருநாளில் இரண்டு முறை காவிரியை மேலிருந்து பார்க்கிற பெண் ஒரு குடம் தண்ணீருக்கு லாரியை எதிர்பார்த்து நின்றாள் என்பதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

இந்த வருடம் கடைசியில் குழாய் போட்டார்கள். தெருவைத் தோண்டி, மூடி, வீட்டுக்கு வீடு குழாய் நட்டு, எல்லாம் முடிந்துவிட்டது. தெருமுனை வால்வு வரை தண்ணீரும் வந்துவிட்டது. வால்வை மட்டும் திறக்கவில்லை. மாவட்டம் வந்துதான் திறப்பார் என்றார்கள். மாவட்டத்துக்குத் தேதி இல்லை.

ஊருக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி யார் கையும் படாமல் இரண்டாகப் பிரிந்து போகிறது. அந்தக் காலத்து ஏற்பாடு. இப்போது அரை அங்குலக் குழாயில் வருவதற்குக்கூட ஒரு பெரிய கை வேண்டும்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தேதி கிடைத்தது. எங்கள் வட்டச் செயலாளர், அதாவது வட்டம், கடைக்கு வந்து இருபதடி பேனருக்குச் சொன்னார். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். தலைமுடியை மட்டும் இருபத்தைந்து வயதில் நிறுத்தி வைத்திருந்தார். நெற்றிக்கு மேல் அலையாக எழுந்து பின்னால் மடியும். மாவட்டத்துக்கோ தலையில் ஒரு முடி கிடையாது.

என் தெரு, என் அம்மாவின் தண்ணீர். அந்த பேனரை நான் சிரத்தையோடு செய்தேன். ஸ்கேல் வைத்து அளந்தேன். முகவாயிலிருந்து நெற்றி மேடு வரை மாவட்டத்துக்கு ஆறடி, வட்டத்துக்கு ஐந்தடி. சட்டப்படி சரியாக இருந்தது. முடிக்கு அளவு உண்டு என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

வியாழக்கிழமை பேனரை நிமிர்த்திக் கட்டியபோது வட்டத்தின் முடி மாவட்டத்தின் வழுக்கையைத் தாண்டி ஓரடி மேலே நின்றது. வெள்ளிக்கிழமை யாரோ போனில் படம் எடுத்து மாவட்டத்துக்கே அனுப்பிவிட்டார்கள். சனிக்கிழமை, அவசரப் பணி காரணமாக விழா ஒத்திவைப்பு.

வட்டம் கடைக்கு வந்தார். கோபத்தில் அலை கொஞ்சம் கலைந்திருந்தது.

"பாய், எந்த மேதை இதச் செஞ்சது?"

பாய் என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தார்.

"நான்தாண்ணே. முகத்த அளந்துதான் போட்டேன்."

"நீ முகத்த அளந்தே. அவரு முடிய அளந்துட்டாரு. 'என்னய்யா, என்னத் தாண்டி வளந்துட்டியாமே'ன்னு போன்ல கேக்குறாரு தம்பி. நான் என்ன பதில் சொல்றது? இருபது வருசம் அவரு கார் கதவத் தெறந்து விட்டு வாங்குன பதவி. உன் மவுஸால ஒரு சொடுக்குல போக்கிட்டியே."

"மாத்தி அடிச்சுத் தரேண்ணே."

"பேனர மாத்துவே. அவரு மனச மாத்துவியா?"

அவர் போனபின் பாய் பொறுமையாகச் சொன்னார். "தமிழ்ல தப்பு வந்தா இங்க எவனும் படிக்கப் போறதில்ல தம்பி. இனிமே உச்சந்தலையில ஆரம்பி. முடி இருந்தா முடியோட, இல்லாட்டி இல்லாம. அல்லா யாருக்கு எவ்வளவு குடுத்தானோ அதையும் சேத்து அள."

வீட்டில் அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் குழாயடியில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த குடங்களை எடுத்து மறுபடி வாசலுக்குக் கொண்டுபோனாள்.

"பெரியவங்களுக்கு ஆயிரம் சோலி இருக்கும்" என்றாள்.

அடுத்த வாரம் இரண்டு நாள் லாரி ஏழரைக்குத்தான் வந்தது. மூன்றாம் நாள் நண்பனின் பைக்கை வாங்கி அவளை மெஸ்ஸில் கொண்டுபோய் விட்டேன். அப்படியும் மணி எட்டேகால். மெஸ் நடத்துகிறவர் கல்லாவில் இருந்தார். திருமண் இட்டு, துளசி மாலையோடு, கெட்டவர் என்று சொல்ல முடியாத முகம்.

"ஏம்மா, இந்த ஊர்ல பெரிய பெருமாளுக்கே எல்லாம் நாழி தவறாம நடக்கறது. உனக்கு மட்டும் தினம் ஒரு லாரிக் கதை. ஏழு மணிக்கு இட்லி கேக்கறவாளுக்கு நான் என்ன, இட்லிக்குப் பதிலாப் பாசுரமா சேவிக்கறது?"

"நாளையிலேர்ந்து வந்துருவேன் சாமி."

"இதையேதான் நேத்தும் சொன்னே. ஒண்ணாந்தேதிலேர்ந்து வேற ஒருத்தி வரேங்கறா. ஆத்துலயே குழாய் இருக்காம் அவளுக்கு. யோசிச்சுக்கோ."

அம்மா சேலையைச் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஒன்றாம் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. ஸ்ரீரங்கத்தில் எல்லாவற்றுக்கும் முன்னால் 'பெரிய' என்று போடுவார்கள்: பெரிய கோயில், பெரிய பெருமாள், பெரிய பிராட்டி. அங்கே அது பக்தி. பாலத்தின் எங்கள் பக்கம் ஒரு பெரியவரைவிட இன்னொருவருக்கு நான் ஓரடி முடி அதிகமாக வைத்ததில் என் அம்மாவின் வேலை போகிறது. படித்தவன் செய்த காரியம்.

தெருமுனையில் தண்ணீர் திறந்துவிடுகிறவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். மேல்முனையில் குறுக்குக் கம்பி வைத்த, வால்வைத் திருகும் ஆளுயர இரும்புச் சாவி அவர் சைக்கிளில் எப்போதும் கட்டியிருக்கும்.

"அண்ணே, அந்த வால்வத் தெறக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"பீடி பத்த வைக்கிற நேரம்."

"தெறந்து விடுங்களேன்."

"தெறக்கலாம். அப்புறம் மாவட்டம் வந்து எதத் தெறக்குறது? என் சீட்டையா?" டம்ளரை வைத்துவிட்டு அவராகவே சொன்னார். "ஆனா ஒண்ணு. ரெண்டு மாசமா மூடிக் கெடக்குற பைப்பு. உள்ள பூரா காத்தும் சேறும் நிக்கும். ஒரு வாரமாச்சும் தெனம் தெறந்து விட்டாத்தான் தெளிஞ்ச தண்ணி வரும். எவன் கேக்குறான்."

இதை நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

இதற்கிடையே வட்டம் தன் வழியைக் கண்டுபிடித்திருந்தார். சமயபுரம் போய் மொட்டை போட்டுக்கொண்டார். 'மாவட்டம் நீடூழி வாழ வேண்டுதல்' என்று காரணம் சொல்லப்பட்டது. சந்தனம் பூசிய தலையோடு கடைக்கு வந்து நின்றபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. அவரைத் தனியாக விட்டால் பின்தங்கிவிடுவோம் என்று அடிவரிசைத் தபால்தலைகளில் ஐந்து பேரும் மொட்டை. ஆறு மொட்டையையும் வரிசையாக நிறுத்தி எடுத்த படம் போன மறுநாள் மாவட்டம் நெகிழ்ந்துவிட்டார். விசுவாசத்துக்கு அளவுகோல் இல்லை என்பார்கள். இருக்கிறது, சவரக் கத்தி. இருபத்தெட்டாம் தேதி வருவதாகத் தகவல் வந்தது.

இருபத்தெட்டு வரை அம்மாவால் லாரிக்கு நின்று மெஸ்ஸுக்கும் நேரத்தில் போக முடியாது. ஒரு நாள் தவறினாலும் அந்தக் குழாய் வைத்த பெண்மணி வந்துவிடுவாள். புதுப் பேனரின் மாதிரியைக் காட்டும்போது வட்டத்திடம் மெதுவாக ஆரம்பித்தேன்.

"அண்ணே, ஒரு சந்தேகம். மாவட்டம் குழாயத் தெறக்குறாரு. டிவிக்காரங்க நிக்கறாங்க. தண்ணிக்குப் பதிலா புஸ்ஸுன்னு காத்து வந்தா?"

வட்டம் தலையைத் தடவினார். தடவ ஒன்றும் இல்லாததால் கை நின்றது.

"வருமா?"

"காத்து வந்தாக்கூடப் பரவால்லண்ணே. அடுத்தாப்ல சேறு வரும்ங்கறாரு தண்ணி தெறக்குறவரு. வெள்ளை வேட்டி."

"வெள்ளை வேட்டி" என்று அவரும் சொன்னார். கண்ணில் அந்தக் காட்சி ஓடுவது எனக்கே தெரிந்தது. "என்னதாம்ப்பா செய்யணும்?"

"தெனம் காலையில அஞ்சு மணிக்கு ஒரு மணி நேரம் தெறந்து விட்டுப் பாக்கணுமாம். ட்ரையல் மாதிரி."

"ட்ரையல்னா ட்ரையலாத்தான் இருக்கணும். தண்ணி வந்துருச்சுன்னு ஒருத்தன் பேசப்படாது."

"யாரும் பேச மாட்டாங்கண்ணே."

யாரும் பேசவில்லை. மறுநாள் காலை ஐந்து மணிக்குக் குழாய் இருமியது, துப்பியது, பிறகு செம்மண் நிறத்தில் ஒழுகியது. இரண்டாம் நாள் தெளிந்தது. தெரு முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு, திருட்டுப் பொருள் போலக் காவிரியைப் பிடித்து அண்டாவில் நிரப்பியது. அதிகாரபூர்வமாக எங்கள் தெருவில் தண்ணீர் இல்லை. சந்தேகம் வரக் கூடாது என்று லாரிக்கும் போய் ஆளுக்கு ஒரு குடம் பிடித்தார்கள். அம்மா ஆறு மணி பஸ்ஸில் போனாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறவில்லை.

விழா அன்று பந்தல், செண்டை மேளம், தரைக்கு மேல் நட்ட ஒரு குழாய், அதற்கு ரிப்பன். முதல் குடம் பிடிக்க ஒரு தாய் வேண்டும் என்றார்கள். வட்டம் எங்கள் தெருவைப் பார்வையிட்டு அம்மாவைத் தேர்ந்தெடுத்தார். "அக்கா மூஞ்சியிலதான் கஷ்டம் நல்லாத் தெரியுது" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். பித்தளைக் குடம் ஒன்றும் கொடுத்தார்கள். அம்மாவிடம் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது: "தண்ணியப் பாத்ததும் புதுசாப் பாக்குற மாதிரி பாக்கணும்க்கா."

நான் கூட்டத்தில் நின்றேன். அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. ட்ரையல் என்று ஒரு சொல் வந்தால் போதும். வட்டம் தொலைந்தார், தண்ணீர் திறக்கிறவர் சீட்டு போனது, குழாயை மறுபடி எத்தனை மாதம் மூடுவார்களோ தெரியாது. ஒன்றாம் தேதிக்கு மூன்று நாள்.

மாவட்டம் வந்தார். குழாயைத் திருகினார். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் போனைக் காதிலும் இரும்புச் சாவியைக் கையிலும் வைத்து நின்றவர் முன்பே திறந்துவிட்ட தண்ணீர், கண்ணாடி மாதிரி விழுந்தது. கைதட்டல். மாவட்டம் மைக்கை அம்மா பக்கம் நீட்டினார்.

"எத்தனை வருசமா தண்ணி இல்லாமக் கஷ்டப்பட்டீங்கம்மா?"

"லாரித் தண்ணி பதினோரு வருசம்ங்க. பைப்பு போட்டு ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு."

ஆறு மொட்டைத் தலைகளும் ஒரே நேரத்தில் வியர்த்தன.

"இப்ப வந்துருச்சுல்ல?"

அம்மா குடத்தைப் பார்த்தாள். அது நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"வந்துருச்சுங்க. நீங்க வந்து கை வைக்கணும்னு இத்தனை நாளா பைப்புக்குள்ளயே காத்துக் கெடந்துச்சு."

மாவட்டத்தின் முகம் முதலில் சுருங்கி, பிறகு மெல்ல விரிந்தது. விசில் பறந்தது. அவர் ஒரு நிமிடம் முன்பு தனக்குப் போர்த்திய பொன்னாடையை எடுத்து அம்மாவுக்குப் போர்த்தினார். அம்மா வீட்டுக்கு வந்ததும் அதை விரலால் தேய்த்துப் பார்த்தாள். "இட்லித் துணிக்கு ஆவாது. வழுக்குது."

திங்கட்கிழமை கடைக்கு நன்றி அறிவிப்பு பேனர் வந்தது. வாசகம் மாவட்டமே போனில் சொன்னாராம்: 'தண்ணீரும் காத்திருந்த தலைவரே!' கோப்பில் 'த' வரிசையில் சேர்த்துக்கொண்டேன். நான் கல்லூரியில் படித்து எழுதிய எந்தப் பட்டமும் இவ்வளவு தூரம் போனதில்லை. இப்போது மற்ற வார்டுக்காரர்களும் அதையே கேட்கிறார்கள். சிலர் தண்ணீருக்குப் பதில் மின்சாரம், ரேஷன் அரிசி என்று போடச் சொல்கிறார்கள். எல்லாமும் எங்கோ காத்திருக்கத்தான் செய்கிறது.

ஒன்றாம் தேதி அம்மா ஐந்தே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பினாள். மெஸ்காரர் மணியைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லையாம். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை நன்றி பேனரைக் கழற்றிக்கொண்டு வந்தேன். பழைய வாழும் வரலாறு வெயிலில் கிழிந்துவிட்டிருந்தது. அவரை இறக்கிவிட்டு, நானும் அம்மாவும் புதியவரைக் கட்டினோம். மாவட்டம் நடுவில், வட்டம் மொட்டைத் தலையோடு பக்கத்தில், இருவரும் தெருவைப் பார்த்து. அம்மா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் அண்ணாந்து பார்த்தாள்.

"இந்தத் தடவ தலைய மேலேர்ந்து அளந்தியாடா?"

கயிறு என் கையில் அப்படியே நின்றது.

"உனக்கு யாரு சொன்னா?"

"ஒத்திப் போட்ட அன்னைக்கே வட்டம் தெரு பூரா சொல்லிக்கிட்டுப் போனாரு. உன் மவன் எனக்கு முடி வெச்சே முடிச்சுட்டான்னு." அவள் தன் பக்கத்து முடிச்சை இறுக்கினாள். "அந்தப் பக்கம் தொங்குது பாரு. நல்லா இழுத்துக் கட்டு. தண்ணி ரொம்பிருச்சு, நான் குளிக்கணும்."